நீ கண்டுபிடித்த மரபணு எது?

நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும், அவர்களை மதிப்பிடும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் என் அறைத்தோழி தன் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தை முடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினாள். முனைவர் பட்ட ஆய்வில் அவளுக்கு இது நான்காம் ஆண்டு. துறை, கணினிசார் உயிரியல். ஆய்வுப்பொருள், முதல் வகை நீரிழிவின் மரபியல். நாற்பது நிமிடங்கள் தன் பணியை விளக்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், கடிந்துகொள்ளும் தொனி சிறிதுமின்றி, இத்தனை ஆண்டுகளில் நீ கண்டுபிடித்த மரபணு எது என்று வினவினாராம். அவளிடம் விடை இல்லை. குழுவின் அறிக்கையில் ‘பணி நடைபெறுகிறது, புதிய கண்டுபிடிப்பு ஏதுமில்லை’ என்னும் பொருள்பட ஒரு வரி எழுதப்பட்டது. அன்றிரவு அவள் உண்ணவில்லை. ஆய்வை விட்டுவிட்டு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்துவிடலாமா என்று விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் இந்த ஆண்டுகளில் செய்தது என்ன? வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கருவிகளால் பெறப்பட்ட மரபணுத் தரவுகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்தாள். ஒரு தொகுப்பு, மனித மரபணுத்தொகுதியின் பழைய பதிப்பைக் கொண்டு இடங்களை எண்ணியிருக்கும். மற்றொன்று புதிய பதிப்பைக் கொண்டு எண்ணியிருக்கும். ஒன்று டி.என்.ஏ.வின் ஓர் இழையைப் படித்திருக்கும்; மற்றொன்று எதிரிழையைப் படித்திருக்கும். ஒரே மனிதரின் மாதிரி இரண்டு எண்களில் இடம்பெற்றிருக்கும். முதல் வகை நோயாளி என்று குறிக்கப்பட்டவர் உண்மையில் வேறு வகை நோயாளியாக இருப்பார். இவற்றை ஒவ்வொன்றாகக் கண்டு, திருத்தி, திருத்தியதற்கான காரணத்தையும் எழுதிவைத்தாள்.

நான் உயிரியல் கற்றவள் அல்லள், மொழியியல் மாணவி. சொற்களுக்கு இலக்கணக் குறியிட்டுத் தரவகம் அமைப்பது என் பணி. என் பணிக்கும் அவளுடைய பணிக்கும் உள்ள ஒற்றுமையே இதை எழுதத் தூண்டியது. அவளுடைய இசைவோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் தவிர்க்கிறேன். அந்தக் கேள்வி அவளிடம் மட்டுமின்றி அந்தத் துறையின் வரலாற்றிடமே பொருந்தாத கேள்வி என்பது என் கருத்து. அதனை நிறுவுவதற்கு முதலில் நோயைப் பற்றியும், பிறகு ஒருவருடைய ஆய்வு வாழ்வைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் ‘சர்க்கரை’ என்று பேசப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு. முதல் வகை வேறு. அதில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே கணையத்திலுள்ள பீட்டா செல்களைத் தாக்கி அழிக்கிறது. இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ நின்றுபோகிறது. புறத்தேயிருந்து இன்சுலின் செலுத்திக்கொள்ளாவிடில் உயிர்வாழ இயலாது. குழந்தைப் பருவத்தில் மிகுதியாகத் தோன்றினாலும் எந்த வயதிலும் வரக்கூடியது.

இதில் மரபின் பங்கு உறுதியானது. ஆனால் எளிமையானது அன்று. பெரும்பாலான நோயாளிகளின் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பதில்லை. ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதும் இல்லை. நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் எச்.எல்.ஏ. என்னும் மரபணுக் கூட்டத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1970களில் புலப்பட்டது. 1987ஆம் ஆண்டு ஜான் டாட், ஜான் பெல், ஹியூ மெக்டெவிட் ஆகியோர் அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு புரதத்தின் 57ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலம் அமைந்திருக்கிறது என்பது நோய்வாய்ப்போடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டினர். மரபுவழி வரும் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு வட்டாரத்திலிருந்தே வருகிறது.

மீதிப் பாதிதான் சிதறிக் கிடக்கிறது. 2007ஆம் ஆண்டு பிரிட்டனில் வெல்கம் அறக்கட்டளையின் கூட்டாய்வு ஏழு நோய்களை ஒரே வேளையில் ஆராய்ந்தது. ஒவ்வொரு நோய்க்கும் ஏறத்தாழ 2,000 நோயாளிகள், அனைத்துக்கும் பொதுவாக 3,000 ஒப்பீட்டு மாந்தர். முதல் வகை நீரிழிவு அந்த ஏழில் ஒன்று. 2009இல் பல ஆய்வுகளை ஒருங்கிணைத்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் நோயோடு தொடர்புடையனவாகத் தெரிந்தன. 2021இல் 61,427 பேரின் தரவைக் கொண்ட ஆய்வு 78 பகுதிகளைக் காட்டியது. அவற்றுள் 36 புதியவை. எச்.எல்.ஏ.வை விட்டால் பெரும்பாலான பகுதிகள் ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. மாறுபாடுகளில் பெரும்பாலானவை புரதத்தை உருவாக்கும் பகுதிக்கு வெளியே அமைந்துள்ளன. எனவே ‘பகுதி’ தெரிந்துவிட்டது என்பதால் ‘மரபணு’ தெரிந்துவிட்டது என்று ஆகாது. அப்பகுதியில் அருகருகே உள்ள நூற்றுக்கணக்கான மாறுபாடுகளில் எது காரணம், அது எந்த மரபணுவை இயக்குகிறது, எந்த செல்லில் இயக்குகிறது என்ற மூன்று கேள்விகள் மிஞ்சுகின்றன.

இந்த மூன்று கேள்விகளோடு நீண்ட காலம் வாழ்ந்துவருபவர்களுள் ஒருவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் வாலஸ். ஜான் டாட், லிண்டா விக்கர் ஆகியோர் தலைமையில் அங்கு இயங்கிய நீரிழிவு, அழற்சி ஆய்வகத்தில் புள்ளியியல் மரபியலாளராகப் பணியாற்றியவர். சோதனைக்குழாயைவிடக் கணினி நிரலே அவருடைய கருவி. 2010இல் அவரை முதலாசிரியராகக் கொண்ட ஒரு கட்டுரை, 14ஆவது குரோமோசோமில் ஒரு பகுதியை அடையாளம் காட்டியது. அங்குள்ள மாறுபாட்டின் விளைவு, அது தந்தையிடமிருந்து வந்ததா தாயிடமிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தது. எங்கள் பேராசிரியரின் கேள்வியை அந்த ஆண்டில் அவரிடம் கேட்டிருந்தால் தயங்காமல் விடை சொல்லியிருக்கலாம்.

ஆனால், இன்று உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அவருடைய பணியை நாள்தோறும் தொடுவது அந்தப் பகுதியின் வழியாக அன்று. ‘கோலாக்’ என்ற ஒரு நிரல்தொகுப்பின் வழியாக. 2014இல் கிளாடியா ஜாம்பார்த்தொலோமெய், வின்சென்ட் பிளான்யோல் உள்ளிட்டோருடன் இணைந்து வெளியிட்ட முறை அது. தொடர்ந்து அதனைப் பேணி வருபவர் வாலஸ்.

அந்த முறை என்ன செய்கிறது என்பதை மொழியியல் மாணவியாக எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். ‘திங்கள்’ என்ற சொல் நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். இரண்டும் ஒரே சொல்லின் பொருள்விரிவுகள். ‘மாலை’ என்பது அந்திப்பொழுதையும் குறிக்கும், தொடுத்த பூவையும் குறிக்கும். இவை ஒலியால் ஒன்றுபட்ட இரு வேறு சொற்கள். அகராதியில் வடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு நிகழ்வுகளும் ஒன்றுபோலவே தோன்றும். வேர் ஒன்றா இரண்டா என்று அறிவதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டும்.

மரபணுப் பகுதிகளிலும் இதே குழப்பம் உண்டு. ஒரு பகுதி நீரிழிவோடு தொடர்புடையதாகத் தெரிகிறது. அதே பகுதி, வெள்ளணுக்களில் ஒரு மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதோடும் தொடர்புடையதாகத் தெரிகிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே மாறுபாடா, அல்லது பக்கத்து வீடுகளில் குடியிருக்கும் இரண்டு வேறு மாறுபாடுகளா? முன்னது என்றால், அந்த மரபணுவும் அந்தச் செல்லும் நோயின் கதையில் இடம்பெறக்கூடும். பின்னது என்றால், அண்மையைக் கண்டு உறவென்று மயங்கியதாக முடியும். கோலாக் ஐந்து வாய்ப்புகளை எடைபோடுகிறது: இரண்டோடும் தொடர்பில்லை, முதலாவதோடு மட்டும் தொடர்பு, இரண்டாவதோடு மட்டும் தொடர்பு, இரண்டோடும் தொடர்புண்டு, காரணிகள் வேறு, இரண்டோடும் தொடர்புண்டு, காரணி ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவைக் கணித்துத் தருகிறது. தனிமனிதரின் தரவு தேவையில்லை, வெளியிடப்பட்ட சுருக்கப் புள்ளிவிவரங்களே போதும் என்பதால் பொருள்வசதி குறைந்த ஆய்வகங்களும் பயன்படுத்த முடிந்தது.

இந்தக் கருவியால் எந்த மரபணுவும் ‘கண்டுபிடிக்கப்படவில்லை’. மற்றவர்கள் கண்டுபிடித்தோம் என்று சொல்வதற்கு முன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை அது ஒழுங்குபடுத்தித் தந்தது.

அதன்பின் நிகழ்ந்ததுதான் இந்தப் பதிவுக்கு மையமானது. கோலாக் ஓர் எளிமைப்படுத்தலின் மீது நின்றது: ஒரு பகுதியில் ஒரு பண்புக்கு ஒரே ஒரு காரண மாறுபாடுதான் உண்டு என்று கொள்வது. 2015இலேயே வாலஸும் உடன் பணியாற்றியோரும் ஐ.எல்.2 ஏற்பி மரபணுவை ஒட்டிய பகுதியை நுணுகி ஆராய்ந்து, அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள் இருப்பதாகவும், ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான முறை தவறான இடத்தைச் சுட்டக்கூடும் என்றும் காட்டியிருந்தனர். அப்படியானால் தம்முடைய கருவியின் அடிப்படையே பல இடங்களில் பொருந்தாது.

பொதுவாக நம்மிடையே இத்தகைய நிலையில் என்ன நடக்கும்? ‘ஆய்வின் வரையறைகள்’ என்ற தலைப்பில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த நிதிவிண்ணப்பத்துக்குப் போய்விடுவோம். வாலஸ் 2020இல் தனியாசிரியராக ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் இரண்டு செய்திகளை வெளிப்படையாக வைத்தார். முதலாவது, கோலாக்கைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் நிரலில் முன்கூட்டியே வைக்கப்பட்டுள்ள தொடக்க மதிப்புகளை மாற்றுவதே இல்லை. அம்மதிப்புகள் பொருந்தாவிட்டால் முடிவுகள் கணிசமாக மாறிவிடும். இரண்டாவது, ஒரே காரணி என்ற கோள் நடைமுறைக்கு ஒவ்வாதது. இவற்றுக்கு மாற்றுவழிகளையும் சேர்த்தே தந்தார். 2021இல் மீண்டும் தனியாசிரியராக, சிகாகோவில் மாத்யூ ஸ்டீஃபன்ஸ் குழுவினர் உருவாக்கிய ஒரு முறையை இணைத்து, பல காரணிகள் உள்ள பகுதிகளையும் கையாளும்படி கருவியைத் திருத்தினார். அந்தக் கட்டுரையின் தலைப்பே ‘மேலும் துல்லியமான முறை’ என்ற பொருளில் அமைந்தது. அது மிஞ்ச முயன்றது, தாம் பேணிவந்த பழைய முறையைத்தான்.

மொழியியலில் இதற்கு நிகரான ஒன்றை நாம் அறிவோம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்தது. 1968இல் துணைத்தொகுதி வந்தது. 1984இல் முழுவதும் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. திராவிட மொழிகளைப் பற்றி எழுதும் எவரும் இன்று அந்தப் பதிப்பின் பதிவெண்ணைக் குறிக்காமல் ஒரு சொல்லின் வரலாற்றைப் பேசுவதில்லை. அவ்விருவரிடம் ‘நீங்கள் கண்டுபிடித்த சொல் எது?’ என்று யாரேனும் கேட்டால் நமக்கு நகைப்பு வரும். என் அறைத்தோழியிடம் கேட்கப்பட்டபோது மட்டும் அது இயல்பான கேள்வியாகத் தோன்றுகிறது.

இத்தகைய ஓர் ஆய்வு வாழ்வு தனியொருவரின் அறிவாற்றலால் மட்டும் அமைவதன்று. அதற்கு அடியில் நிற்பது தரவு. தரவுக்கு அடியில் நிற்பது பல பத்தாண்டுத் தொடர்ச்சி. 2007ஆம் ஆண்டுக் கூட்டாய்வின் 3,000 ஒப்பீட்டு மாந்தரில் ஏறத்தாழப் பாதிப் பேர், 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்தவர்கள். பிரசவகால இறப்பைப் பற்றி அறிவதற்காக அந்த வாரத்துப் பிறப்புகள் அனைத்தையும் அன்று பதிவுசெய்தனர். மனித மரபணுத்தொகுதியைப் படிக்க இயலும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அந்தக் குழந்தைகளை விட்டுவிடாமல் பள்ளியிலும் பணியிலும் நடுவயதிலும் தொடர்ந்து சந்தித்தனர். நாற்பத்தைந்து வயதை ஒட்டி அவர்களுடைய குருதியிலிருந்து டி.என்.ஏ. சேகரிக்கப்பட்டது. அந்தப் பதிவேடுகளைப் பராமரித்த அலுவலர்களில் ஒருவர்கூட ‘மரபணு கண்டுபிடித்தவர்’ அல்லர். அவர்கள் இல்லாவிட்டால் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த வடிவில் எழுதப்பட்டிருக்காது.

இங்கிருந்து நம் நாட்டுக்கு வருகிறேன். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி முதல் வகை நீரிழிவோடு வாழும் இளையோர் எண்ணிக்கையில் இந்தியா முன்னணியில் இருக்கிறது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் இங்கு உள்ளனர். இந்நோயின் மரபியலைப் பற்றி நாம் அறிந்ததோ பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரின் தரவிலிருந்து வந்தது.

இதனை நீதி சார்ந்த முறையீடாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. அறிவியல் நோக்கிலும் இது குறையே. ஒரு குரோமோசோமில் அருகருகே உள்ள மாறுபாடுகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகவே கடத்தப்படுகின்றன. அதனால்தான் காரணியையும் அதன் அண்டை அயலையும் பிரித்தறிவது கடினமாகிறது. வேறு வரலாறு கொண்ட மக்களிடையே அந்தச் சேர்க்கை வேறுவிதமாக உடைந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் காரணி எது, கூட வந்தது எது என்பது தெளியும். ஓலைச்சுவடிப் பதிப்பை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த பத்து ஏடுகள் ஒரே பிழையைப் பத்து முறை காட்டும். வேறு வழியில் வந்த ஓர் ஏடு கிடைத்தால் பாடம் தெளிவுபடும். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்ததில் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையைவிட வேறு வழிவந்த சான்றைத் தேடும் தேவையே பெரிது. இந்தியத் தரவு அந்த வேறு ஏடு. அது இல்லாத குறை உலகத்துக்கும் உண்டு.

நோயாளிக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என் தோழியின் வாழ்க்கையே விடை. பதினேழு வயதில் அவளுக்கு நீரிழிவு தெரியவந்தது. பாட்டிக்குச் சர்க்கரை உண்டு. இவளுக்கும் அதுவே என்று கருதி மாத்திரை கொடுத்தனர். ஐந்தாம் மாதம் குருதியில் கீட்டோன் அமிலம் மிகுந்து, நினைவிழந்த நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டாள். அங்கேதான் முதல் வகை என்று தெரிந்தது. புள்ளியியல் படிக்க விரும்பிய பெண் இந்தத் துறைக்கு வந்த வழி இது. மருத்துவர் மீது பழி சொல்ல அவள் விரும்புவதில்லை. இந்தியாவில் அந்தப் பிழை எளிதில் நேரக்கூடியது என்பதே அவளுடைய வாதம். இங்கே இரண்டாம் வகை இளவயதிலேயே வருகிறது, மெலிந்தவர்களுக்கும் வருகிறது. ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் நீரிழிவு உண்டு. கணையத்தில் கல் தோன்றி வரும் நீரிழிவு உண்டு. ஊட்டக்குறைவோடு தொடர்புடைய நீரிழிவைத் தனி வகையாக நிறுவியதில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்குப் பங்குண்டு. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல் அதனை ‘ஐந்தாம் வகை’ என்று ஏற்றது. ஒல்லியான ஓர் இளைஞர் மருத்துவர் முன் அமரும்போது இவற்றில் எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது.

பல மரபணு மாறுபாடுகளின் பங்கைக் கூட்டிக் கணக்கிடும் ‘மரபணு ஆபத்து மதிப்பெண்’ இந்த இடத்தில் உதவக்கூடும். ஐரோப்பியத் தரவைக் கொண்டு அமைத்த அத்தகைய மதிப்பெண் ஒன்றைப் புனே நகர நோயாளிகளிடம் சோதித்து, ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம், புனேயின் கே.இ.எம். மருத்துவமனை, இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2020இல் முடிவை வெளியிட்டனர். இந்தியர்களிடமும் அது முதல் வகையைப் பிரித்துக் காட்டியது. ஆனால் ஐரோப்பியர்களிடம் காட்டிய அளவுக்குத் துல்லியமாக இல்லை. நம்முடைய தரவைக் கொண்டு அதனைத் திருத்தினால் மேலும் கூர்மையாகும் என்று எதிர்பார்க்கலாம். திருத்துவதற்கு வேண்டியது சரியாக வகைப்படுத்தப்பட்ட, பிழை நீக்கப்பட்ட தரவு. என் தோழி நான்கு ஆண்டுகளாகச் செய்துவந்தது இதைத்தான்.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றை நான் புறந்தள்ளவில்லை.

முதலாவது, இன்சுலினும் சோதனைப் பட்டைகளும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்காத நாட்டில் மரபணு ஆராய்ச்சி ஆடம்பரம் அன்றோ என்பது. இன்சுலின் முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மரபியல் ஆய்வு இதுவரை இந்நோயைக் குணப்படுத்திவிடவும் இல்லை. நோய் முற்றுவதைத் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்து 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது மரபணுத் தேடலின் நேரடி விளைவு என்று சொல்லவும் முடியாது. ஆனால், யாருக்கு இன்சுலின் தேவை என்பதே தவறாகக் கணிக்கப்படும் இடத்தில் இன்சுலின் இருந்தும் பயனில்லை. என் தோழியின் ஊர் மருந்துக்கடையில் அந்த ஐந்து மாதங்களும் இன்சுலின் இருந்தது.

இரண்டாவது வாதம் கல்வியாளர்களுடையது, இன்னும் வலுவானது. ‘தரவைத் திருத்தினேன், கருவியைப் பேணினேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கண்டுபிடிப்பையாவது சரிபார்க்கலாம், இதை எப்படிச் சரிபார்ப்பது? உழைக்காதவருக்கு இது ஒளிவிடமாகிவிடாதா?’ என்பது அது. இந்த அச்சம் நியாயமானது. ஆனால் இவ்வகைப் பணியைச் சரிபார்ப்பது கடினமன்று. நிரலை வேறொருவர் இயக்கினால் அதே முடிவு வருகிறதா? ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் பதிவாகியிருக்கிறதா? நீக்கிய மாதிரிகள் ஏன் நீக்கப்பட்டன என்பதற்குச் சான்று இருக்கிறதா? வேறு ஆய்வாளர்கள் அதனைப் பயன்படுத்துகிறார்களா? ‘புதிய மரபணு’ என்று அறிவிக்கும் கட்டுரையைச் சரிபார்ப்பதைவிட இவற்றைச் சரிபார்ப்பது எளிது. நாம் சரிபார்க்க முற்படுவதில்லை என்பதே உண்மை.

நம் விதிமுறைகளும் இதற்கு உடந்தை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த ஆசிரியர் நியமன விதிகளின் மதிப்பெண் அட்டவணையில், இருவருக்கு மேற்பட்டோர் எழுதிய கட்டுரையின் மதிப்பில் முதலாசிரியருக்கும் பொறுப்பாசிரியருக்கும் எழுபது விழுக்காடு, ஏனையோருக்கு முப்பது விழுக்காடு. ஆய்வுத் தரவுத் தொகுப்புக்கோ நிரல் பராமரிப்புக்கோ அதில் தனி வரிசை இல்லை. 61,427 பேரின் தரவைக் கொண்ட ஒரு கட்டுரையில் நடுவில் நிற்கும் பெயருக்குரியவர் பத்தாண்டு உழைத்திருக்கலாம். அந்த அட்டவணைக்கு அது தெரியாது. 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆனால் விதி மாறிய வேகத்தில் குழுக்களின் மனப்போக்கு மாறவில்லை. மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டிய ஆய்வில், உலகமே நாற்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கும் விடையின் ஒரு துண்டைத் தனியே எடுத்துக் காட்டச் சொல்கிறோம். காட்ட இயலாதவர்கள் விலகிவிடுகிறார்கள். காட்டியே ஆகவேண்டியவர்கள் முடிவை மிகைப்படுத்துகிறார்கள்.

நான் வேண்டுவன மூன்று.

ஒன்று, முனைவர் பட்ட ஆய்வேட்டில் தரவுத் தொகுப்பு, கருவி, முந்தைய முடிவின் திருத்தம் ஆகியவை முழுமையான இயல்களாக ஏற்கப்பட வேண்டும். பின்னிணைப்பாக ஒதுக்கப்படக் கூடாது. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மதிப்பீட்டுக் குழுக்களின் மனம் இசைந்தால் போதும்.

இரண்டு, பதிவேடுகளுக்கு நிலையான பணியிடங்கள் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இளவயது நீரிழிவுப் பதிவேட்டை 2006இல் தொடங்கியது. 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகுதியைப் படிக்கும் ‘ஜீனோம் இந்தியா’ திட்டமும் நிறைவேறியிருக்கிறது. தொடங்குவதற்கு நமக்குத் தெரியும். இவற்றை ஐம்பது ஆண்டுகள் நடத்துவதற்கு, திட்டக்காலம் முடிந்ததும் வெளியேற வேண்டிய தற்காலிகப் பணியாளர்களால் இயலாது.

மூன்று, இது நம்மைப் போன்ற மாணவர்களுக்கு. பிறருடைய கருவியைப் பயன்படுத்தும்போது அதன் தொடக்க மதிப்புகளையும் அடிப்படைக் கோள்களையும் வாசிப்போம். கருவிக்கும் தரவுக்கும் உரிய மேற்கோளைத் தருவோம். பிழை கண்டால் உருவாக்கியவருக்குத் தெரிவிப்போம். நாம் செய்யாத மரியாதையைக் குழுக்களிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

என் தோழி இன்னும் முடிவெடுக்கவில்லை. நேற்று மாலை விடுதிக் குளிர்பெட்டியிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தவாறே, தன் தொகுப்பில் ‘முதல் வகை’ என்று குறிக்கப்பட்டிருந்த சிலர் முதல் வகையாக இருக்க வாய்ப்பில்லை என்று கண்டறிந்ததைப் பற்றிச் சொன்னாள். இரண்டாம் வகை என்று குறிக்கப்பட்டவர்களில் சிலரைப் பற்றி அதற்கு நேர்மாறான ஐயம் அவளுக்கு இருக்கிறது. அவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். மாதிரி அனுப்பிய மருத்துவமனைக்கு அந்த எண்களைக் குறித்து எழுதியிருக்கிறாள். ஆண்டறிக்கையில் இதற்கு இடமில்லை.

அடுத்த கூட்டம் ஆறு மாதங்களில் வரும். அவள் இருந்தால், அந்தப் பேராசிரியர் வேறொரு கேள்வி கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்: “உன் பணிக்குப் பிறகு எந்தத் தவறு இனி நேராது?” அதற்கு அவளிடம் விடை இருக்கிறது. உங்கள் துறையில், உங்கள் மாணவரிடம், இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.